வின்னியின் வயிறும் கோதண்டராமனின் வாயும்

கன்னட நாட்டுத் தங்கச் சுரங்கங்களை ஒட்டிய ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் கோதண்டராமனின் அரிசிக் கடைக்குப் பேச்சுத்துணை தேடி யாரும் போனதில்லை. "கிச்சிலிச் சம்பா வந்திருக்கா செட்டியாரே?" என்று கேட்டால் "உம்" என்பார். "பழசா, புதுசா?" என்றால் "பழசு" என்பார். "சாதம் நல்லாருக்குமா?" என்று கேட்டால் பதிலே வராது. கோணிக்குள் கையை விட்டு ஒரு பிடி அரிசியை எடுத்து, கேட்டவரின் உள்ளங்கையில் கொட்டுவார். பார்த்துக்கொள், உனக்குக் கண் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

கடைக்குப் பின்கட்டில்தான் வீடு. அங்கேயும் இதே கதைதான். மனைவி சுந்தரியைக் கூப்பிட அவருக்கு "ந்தா" என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. குழம்பு நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்பார், இல்லையென்றால் கேட்கமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து சுந்தரிக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் கரண்டியில்தான் வந்தது. ஒரே மகளைக் குடியாத்தத்தில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் பேச்சு இன்னும் குறைந்துபோனது. அந்தக் கடையில் அவரோடு தாராளமாகப் பழகியவை எலிகள் மட்டும்தான். எந்த மூட்டையை நகர்த்தினாலும் ஒன்று எட்டிப்பார்த்துவிட்டுப் போகும்.

அறுபத்து நாலாம் வருஷம், கோடை மழை பிடிக்கிற சமயத்தில், டெய்சி மிஸ் ஒரு மூங்கில் கூடையோடு கடைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். நந்திதுர்க் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். ஆஸ்திரேலியாவில் இருந்த தம்பி வரச்சொல்லிக்கொண்டே இருந்ததால் கடைசியில் கிளம்பிவிட்டார். கூடைக்குள் சாம்பல் வரி போட்ட ஒரு பூனை, கடையை விலைக்கு வாங்க வந்தவள்போல நாலாபக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது.

"இவ பேரு வின்னி. இவள நீங்க வச்சுக்கணும் மிஸ்டர் கோதண்டராமன். உங்களுக்கு ரொம்ப இளகின மனசு."

கோதண்டராமன் மேல் இப்படி ஒரு பழியை அதுவரை யாரும் போட்டதில்லை. அவர் எலிகளை நினைத்துக்கொண்டார். தலையை ஆட்டினார்.

டெய்சி மிஸ்ஸுக்குக் கடைத்தெருத் தமிழ் சரளமாக வரும். ஆனால் மனசு கலங்கினால் இங்கிலீஷுக்குப் போய்விடுவார். அன்று ரொம்பவே கலங்கியிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூனையின் தலையைத் தடவிக்கொண்டு, இங்கிலீஷில் கொட்டித் தீர்த்தார். கோதண்டராமனுக்கு அதில் 'ஸ்டமக்' என்ற ஒரு வார்த்தை மட்டும் பிடிபட்டது. பூனை நன்றாகச் சாப்பிடும் என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, தன் வயிற்றைத் தட்டிக்காட்டி "குட், குட்" என்றார். டெய்சி மிஸ் அவரை வினோதமாகப் பார்த்தார். அடுத்த நாள் ரயிலேறிவிட்டார்.

வின்னி எலியை முதன்முதலாகப் பார்த்த காட்சியைக் கோதண்டராமன் கல்லாவில் இருந்தபடியே பார்த்தார். துவரம்பருப்பு மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு கொழுத்த எலி வந்தது. வின்னி சாமி ஊர்வலம் பார்ப்பதுபோல முன்னங்கால்களைச் சேர்த்து உட்கார்ந்து, அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி போகும்வரை மரியாதையாகப் பார்த்தது. பிறகு கொட்டாவி விட்டது.

"நல்ல பூனையா பாத்துக் கொண்டாந்தீங்க" என்றாள் சுந்தரி.

இருந்தாலும் வந்த ஜீவனைப் பட்டினி போட அவளுக்கு மனசு வரவில்லை. பூனை என்றால் பால்தானே என்று காலையும் மாலையும் கிண்ணம் நிறைய ஊற்றினாள். மத்தியானம் தயிர் சாதம். சைவக் குடும்பத்தில் வேறு என்ன இருக்கும்? வின்னியும் நக்கிக் குடித்தது. வாரம் முடிவதற்குள் அதன் வயிறு தன் சுயரூபத்தைக் காட்டியது. முதலில் வாந்தி, பிறகு கழிச்சல். அதற்கென்றே வைத்திருந்த சாம்பல் தட்டை மதிக்காமல், பிரித்து வைத்திருந்த கிச்சிலிச் சம்பா மூட்டையின் மேல் ஏறிக்கொண்டு அது தன் வேலையை முடித்தது. அந்த மூட்டை அப்படியே மாட்டுத் தீவனமாகப் போயிற்று.

சுந்தரி ஓமத் தண்ணீர் காய்ச்சினாள். வின்னி அவள் புடவையைக் கிழித்தது. அரிசி வாங்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தர் மாதுளை ஓடு என்றார், இன்னொருத்தர் சுக்கு என்றார். இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பிக்கும். பூனை இளைத்துப்போய், முதுகெலும்பு சீப்புப்பல் போலத் தெரிய ஆரம்பித்தது.

"இத்த யாருக்கானா குடுத்துட்டு வாங்க. இல்ல, நான் குடியாத்தம் போறேன்" என்றாள் சுந்தரி. குரலைப் பார்த்தால் பெட்டியைக் கட்டிவிடுவாள் போலிருந்தது.

பக்கத்திலிருந்த பாலகாட் சுரங்கத்தில் ஒரு கிடங்குக் காவல்காரர் பூனை வேண்டும் என்று சொல்லியிருந்தார். கோதண்டராமன் வின்னியைக் கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி, பஸ் ஏறினார். வழி முழுக்க அது கத்தவில்லை. மூங்கில் இடுக்கு வழியாக ஒரு கண் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டு வந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சற்று நேரத்தில் மடி நனைந்தது. அடுத்த நிமிஷம் பஸ் முழுக்க நாற்றம் பரவியது. பின் ஸீட்டிலிருந்து யாரோ அலறினார்கள். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனு இது! இளீரி, இளீரி!" என்று கன்னடத்தில் இறங்கச் சொல்லி விரட்டி, விசில் அடித்து வண்டியை நிறுத்தினார்.

இறக்கிவிடப்பட்ட இடத்தில் கோதண்டராமன் நிமிர்ந்து பார்த்தார். எதிரே மாட்டாஸ்பத்திரி.

பாலகாட்டுக்கு நடந்தே போயிருக்கலாம், அவ்வளவு தூரமில்லை. அவர் போகவில்லை. வேட்டியைக் குழாயடியில் அலசிக்கொண்டு, ஈரத்தோடு உள்ளே போய், காளைகளுக்கும் எருமைகளுக்கும் நடுவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னா செட்டியாரே, கன்னுக்குட்டி ரொம்பச் சின்னதா கீதே?" என்றார் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர். வரிசையே சிரித்தது.

டாக்டர் பர்னபாஸ் ஆறடி உயரம். கன்றுகளை இழுத்து இழுத்து உரமேறிய கைகள். அந்தக் கைகளில் வின்னி ஒரு கைக்குட்டை மாதிரி கிடந்தது. கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு கேள்விகளை ஆரம்பித்தார்.

"எத்தினி நாளா இப்புடி?"

"வந்ததுலேருந்து."

"எப்புடிப் போவுது? தண்ணியாவா, கூழாவா?"

கோதண்டராமன் சுற்றுமுற்றும் பார்த்தார். வரிசையில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கூழு" என்றார்.

"இன்னா கலரு? சளி மாதிரி வருதா? ரத்தம் கீதா? துன்னதும் வாந்தி எடுக்குதா, இல்ல கொஞ்ச நேரம் கழிச்சா? வாயத் தொறந்து சொல்லுங்க சார். பூனை சொல்லாது, நீங்கதான் சொல்லணும்."

வேறு வழியில்லை. கோதண்டராமன் சொல்ல ஆரம்பித்தார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, நிறம், மணம், அளவு, வேளை எல்லாவற்றையும் சொன்னார். ஒரு கட்டத்தில் கையால் வேறு காட்டினார். தன் கல்யாணத்தன்றுகூட அவர் அவ்வளவு பேசியதில்லை. முடித்தபோது நெற்றி வேர்த்திருந்தது.

"இன்னா குடுக்கறீங்க?"

"பாலு. தயிர் சோறு."

"அதான். பால நிறுத்துங்க. வளந்த பூனைங்க பலதுக்கு அது செரிக்காது. கறி வேக வச்சு, உப்பு காரம் இல்லாம குடுங்க."

"நாங்க சைவம்."

"நீங்க சைவம். அது இல்ல" என்றார் டாக்டர்.

முதலில் குடல் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். கறிக்குப் பின்தெரு லைன் வீட்டுத் தங்கம்மா கைகொடுத்தாள். அவள் புருஷன் முனிரத்தினம், 'கேஜ்' என்ற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்ப்பவன். தங்கம்மா தினமும் குழம்புக்கு வாங்கும் கறியில் நல்ல துண்டாக ஒன்றை எடுத்துத் தனியாக வேகவைத்து, தூக்குச்சட்டியில் அனுப்பினாள். "பூனைக்கு கறி, எனக்கு எலும்பா? நான் இன்னா கேஜுல எறங்கிப் போயி எலி புடிக்கறனா?" என்று ஷிப்ட் முடிந்து வந்த முனிரத்தினம் கேட்டதாகத் தெருவில் சொல்லிக்கொண்டார்கள்.

வாந்தி குறைந்தது. கழிச்சல் மட்டும் போவதும் வருவதுமாக இருந்தது. மறுபடியும் மாட்டாஸ்பத்திரி, மறுபடியும் விசாரணை. இந்தத் தடவை கோதண்டராமன் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

டாக்டர் யோசித்தார். "இது பூச்சியும் இல்ல, சாப்பாடும் இல்ல. குடலே வீங்கிக் கெடக்குது. இது பிரஷர் மாதிரி, சக்கரை வியாதி மாதிரி. அடியோட போவாது. ஆனா அடக்கி வச்சிக்கலாம். அதுக்கு ஒரு மாத்திரை கீது. வேளை தவறாம உள்ள போவணும்."

சின்ன வெள்ளை மாத்திரை, அதிலும் பாதிதான். டாக்டர் வின்னியின் தலையைப் பிடித்து, லேசாக மேலே தூக்கி, தாடையைத் திறந்து, நாக்கின் பின்கோடியில் போட்டு, வாயை மூடி, தொண்டையைத் தடவினார். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. "அவ்வளவுதான்" என்றார்.

வீட்டில் அது அவ்வளவாக இருக்கவில்லை. கோதண்டராமன் தலையைப் பிடித்தால் வின்னிக்குத் திடீரென்று எட்டுக் கால் முளைத்தது. கறித்துண்டுக்குள் வைத்துக் கொடுத்தார்கள். கறியைத் தின்றுவிட்டு மாத்திரையைப் பளபளவென்று நக்கித் தரையில் வைத்தது. பொடி செய்து கலந்தார்கள். மோந்து பார்த்துவிட்டு, கிண்ணத்தைப் புதைப்பதுபோலத் தரையைப் பிறாண்டியது. சுந்தரி பழைய கம்பளியில் அதைச் சுருட்டிப் பிடித்தாள். கம்பளிக்குள்ளிருந்து ஒரு கால் எப்படியோ வெளியே வந்து கோதண்டராமனின் மூக்கில் கோடு போட்டது.

"இன்னா செட்டியாரே, முள்ளு வேலில வுழுந்தீங்களா?" என்று கடைக்கு வந்தவர்கள் கேட்டார்கள்.

"உம்" என்றார்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் கவுன் போட்ட ஓர் அம்மா, பெயர் ஐடா, கடைக்கு வந்தார். டெய்சி மிஸ்ஸின் சிநேகிதி, அதே ஊரில் கோரமண்டல் என்ற பகுதியில் இருப்பவர். வின்னி எப்படியிருக்கிறாள் என்று பார்க்கத்தான் வந்திருந்தார். குரலைக் கேட்டதுமே வின்னி மூட்டைகளைத் தாண்டி ஓடிவந்து அவர் காலைச் சுற்றியது. கோதண்டராமனின் கைகளையும் மூக்கையும் பார்த்த ஐடாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"டெய்சி உங்களுக்குச் சொல்லலையா? இவளுக்கு எப்பவுமே வயிறு தகராறு. மருந்து குடுக்க ஒரு மொறை இருக்கு" என்றார். மாத்திரையை வாங்கிக்கொண்டு, கோணிமேல் உட்கார்ந்து, பூனையை மடியில் வைத்து, பாட்டு மாதிரி இழுத்துச் சொன்னார்: "ஓப்பன் அப், மை டார்லிங்."

வின்னி வாயைத் திறந்தது. மாத்திரை போயிற்று. வாய் மூடியது.

கோதண்டராமன் வாய்தான் திறந்தபடி நின்றது.

"இப்ப நீங்க சொல்லுங்க" என்றார் ஐடா.

அவர் தொண்டையைச் செருமினார். "ஓப்பனப் மை டார்லிங்!" என்றார். வின்னி உளுந்து மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தது.

"மூட்டை எறக்கச் சொல்ற மாதிரி சொல்லக்கூடாது. மெதுவா. ஆசையா."

ஆசையாகச் சொல்வது எப்படி என்று கோதண்டராமனுக்குத் தெரியாது. ஐடா இன்னும் ஓரிரு தடவை வந்து சொல்லிக்கொடுத்தார். மற்ற நேரத்தில் கோதண்டராமன் கடையில் ஆள் இல்லாதபோது மூட்டை அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தவிட்டு மூட்டையைப் பார்த்துச் சொல்லிப் பழகினார். நடுவில், இதென்ன இங்கிலீஷ் என்று ரோஷம் வந்து, "வாயத் தொற கண்ணு" என்று தமிழிலும் சொல்லிப் பார்த்தார். வின்னி காதைக்கூட அசைக்கவில்லை.

சுந்தரியின் காதில் இது விழாமல் இருக்குமா? ஒரு மத்தியானம் தங்கம்மா தூக்குச்சட்டியோடு வந்தபோது மெல்லக் கேட்டாள். "தங்கம்மா, டார்லிங்னா இன்னாடி?"

"சினிமால சொல்லுவாங்களேக்கா. புருசன் பொண்டாட்டியப் பாத்து சொல்றது."

"என்கிட்ட ஒண்ணியும் சொல்லலியே."

தங்கம்மா தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "அப்ப, வேற யார்கிட்டயானா சொல்றதுக்கும் அதான்க்கா வார்த்தை."

சுந்தரிக்கு அடிக்கடி வந்துபோகும் கவுன்காரி ஞாபகம் வந்தது. கையிலிருந்த கரண்டியோடு எழுந்தாள். தங்கம்மாவும் பின்னாலேயே வந்தாள், இப்படி ஒன்றை யாராவது விடுவார்களா? இருவரும் மூட்டை அடுக்கைச் சுற்றிக்கொண்டு போய் எட்டிப்பார்த்தார்கள்.

கோதண்டராமன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் வின்னி. அவர் ஒரு விரலால் அதன் தாடையைத் தடவிக்கொண்டு, சுந்தரி வாழ்நாளில் கேட்டிராத ஒரு குரலில், தேனைக் கரண்டியால் வழித்துவிடுவதுபோலச் சொன்னார்: "ஓப்பன் அப்... மை டார்லிங்."

வின்னி அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு, போனால் போகிறது என்று வாயைத் திறந்தது. முதல் வெற்றி அதுதான். அவர் சந்தோஷத்தில் நிமிர்ந்தார். எதிரே கரண்டி தெரிந்தது.

"நான் 'ந்தா', பூனை டார்லிங்கா?" என்றாள் சுந்தரி.

கோதண்டராமன் பூனையை மடியிலிருந்து இறக்கிவிட்டார். "அது மாத்திரைக்கு" என்றார்.

"எனக்கும் ஒரு நாளைக்கு மாத்திரை குடுங்களேன்!"

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து, நிற்கமுடியாமல் பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். தங்கம்மா அதற்குள் தெருவுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் கடைத்தெருவே "டார்லிங் செட்டியார்" என்று பேசிக்கொண்டது.

அதற்கு அடுத்த நாளோ அதற்கும் அடுத்த நாளோ, கோதண்டராமன் பின்கட்டைப் பார்த்து "சுந்தரி" என்று கூப்பிட்டார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து அவள் திரும்பவே இல்லை. இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு சொம்புத் தண்ணீர்தான்.

மாத்திரை வேலை செய்தது. வின்னிக்குச் சதை பிடித்தது, ரோமம் மினுமினுத்தது. சாம்பல் தட்டைப் பார்த்துவிட்டு வந்து, "இன்னிக்கு நல்லா கட்டியா போச்சி" என்று கோதண்டராமன் தானாகவே அறிவிப்பார். அரிசி வாங்கிக்கொண்டிருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பூனைதான் குணமாகிவிட்டதே, இனி எதற்கு அந்தக் கசப்பு என்று அவருக்குத் தோன்றியது. இளகிய மனசுக்காரர் என்று டெய்சி மிஸ் சொன்னது உண்மைதானோ என்னவோ, ஒரு காலையில் மாத்திரையை நிறுத்திவிட்டார். சில நாள் ஒன்றும் ஆகவில்லை. ஆயுத பூஜை வந்தது. தராசுக்கும் படிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களை எல்லாம் அழைத்திருந்தார். கற்பூரம் ஏற்றும் நேரத்தில் வின்னி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஜோடித்துவைத்த தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்தது. ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் நடக்கவேண்டியது நடந்துவிட்டது.

டாக்டர் பர்னபாஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினார். "யாரக் கேட்டு நிறுத்துனீங்க?"

"நல்லாயிடுச்சேன்னு..."

"மாத்திரை போட்டதாலதானே நல்லாச்சு? படியில எறங்கற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும். மேல் படிலேருந்து குதிச்சா பூனைக்கே கால் ஒடையும். நான் சொல்றேன், எப்போ எவ்வளவுன்னு. நீங்க டாக்டர் வேலை பாக்காதீங்க, நான் அரிசி விக்கறேனா?"

கோதண்டராமன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு, கிளம்பும்போது, ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டார். "ஏன் டாக்டர், அதுக்கு நெஜமாவே இங்கிலீஷ் தெரியுமா?"

டாக்டருக்குக் கோபம் போய்விட்டது. "சின்னதுலேருந்து கேட்ட சத்தம். அது பழக்கம். தமிழ்லயும் பழக்கலாம், பொறுமை வேணும்."

கோதண்டராமன் பொறுமையாகப் பழக்கினார். ஆனால் தமிழில் அல்ல. தமிழைக் கற்றுக்கொள்ள வின்னி கடைசிவரை சம்மதிக்கவில்லை. மாத்திரை மட்டும் மெல்ல மெல்லக் குறைந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற அளவில் நின்றது. ஆயுசு முழுக்க அந்த அளவு போதுமானதாக இருந்தது. எலி பிடிக்கச் சுந்தரி தனியாக ஒரு கடுவன் பூனையை வளர்க்கவேண்டி வந்தது. அது பிடித்த எலியை வாயில் கவ்விக்கொண்டு போகும்போதெல்லாம் வின்னி அருவருப்போடு திரும்பிக்கொள்ளும்.

எழுபத்து மூன்றாம் வருஷ மார்கழியில், நல்ல வெயிலில், அரிசி மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்தபடியே வின்னி கண்ணை மூடியது. வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை. கோதண்டராமன் கடையைப் பாதி அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் யாருக்கு என்ன என்று விசாரிக்க வந்தவர்களிடம் அவர் மறைக்கவில்லை. அது வந்த நாளிலிருந்து ஆரம்பித்து, பஸ், மாட்டாஸ்பத்திரி, தராசு என்று முழுக்கதையும் சொன்னார். அவர்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரித்தார். சொல்லி முடித்தபோது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. சுந்தரி இரண்டு தடவை காபி கொண்டுவந்தாள்.

அதற்குள் ஊரில் அவர் வேறொரு விஷயத்துக்கும் பேர்போனவராகிவிட்டிருந்தார். பூனைக்கு மாத்திரை கொடுக்கத் தெரியாதவர்களை டாக்டர் பர்னபாஸே ஆண்டர்சன்பேட்டைக்கு அனுப்பிவைப்பார். பையிலும் கூடையிலும் பூனைகளோடு வருகிறவர்களைக் கோதண்டராமன் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, மாத்திரையை வாங்கிப் பார்த்துவிட்டு, முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"வூட்ல இதுகிட்ட இன்னா பாஷைல பேசுவீங்க? தமிழா, தெலுங்கா, கன்னடமா?"